கடைசி கிறிஸ்துமஸ், கடைசி ஆறு வாரம்: பிலிப்பைன்ஸில் மிஷன் முடிக்கப்போகிறவர்களுக்கு

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் எல்டர்களுக்கு (ஆண் மிஷனரிகள்) ஊழியம் 24 மாதம், சிஸ்டர்களுக்கு (பெண் மிஷனரிகள்) 18 மாதம். இடமோ ஜோடியோ மாறும் டிரான்ஸ்ஃபர் ஆறு வாரத்துக்கு ஒரு முறை. ஜனவரி நடுவில் வீடு திரும்ப வேண்டியவருக்கு டிசம்பர் முதல் வாரத்தில் தொடங்குவதுதான் கடைசி டிரான்ஸ்ஃபர். பிலிப்பைன்ஸில் பண்டிகை உச்சத்துக்குப் போவதும் அதே ஆறு வாரத்தில்தான். செப்டம்பரிலேயே கடைகளில் கிறிஸ்துமஸ் பாட்டு ஆரம்பித்துவிடும் ஊர் அது. டிசம்பர் 16-இலிருந்து ஜனவரி முதல் ஞாயிறு வரை வேறு வேலை எதுவும் ஒழுங்காக நடக்காது.

மனம் முன்கூட்டியே ஊருக்குக் கிளம்பிவிட்ட மிஷனரியை மற்றவர்கள் 'ட்ரங்கி' என்பார்கள். பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறவர் என்று பொருள். வீட்டு ஏக்கம்தான் காரணம் என்று பலரும் சொல்வதில் பாதிதான் உண்மை. முடிக்காமல் கிடக்கும் சில்லறை வேலைகள் தலைக்குள் குடைந்துகொண்டே இருப்பது மீதிப் பாதி. அதனால் வரிசை இப்படி இருக்கட்டும்: முதலில் காகிதம், பிறகு பெட்டி, பிறகு மனிதர்கள், கடைசியில்தான் விடைபெறுதல். டிசம்பரில் தடுமாறுகிறவர்கள் அநேகமாக இதைத் தலைகீழாகச் செய்கிறவர்கள். முதல் வாரத்திலேயே வீடு வீடாக விடைபெற்றுவிட்டு, கடைசி வாரத்தில் பாஸ்போர்ட் எங்கே என்று அலைவார்கள்.

கீழே உள்ளவை பொதுவான நடைமுறை. உங்கள் மிஷன் தலைவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதே முடிவு.

முன்கூட்டித் தேவையானவை

நவம்பர் 30-க்குள் இவை கையில் இருக்கட்டும்: மிஷன் அலுவலகம் உறுதி செய்த புறப்பாட்டுத் தேதி, பாஸ்போர்ட் யாரிடம் இருக்கிறது என்ற தகவல், ஏ.சி.ஆர். ஐ-கார்டு (வெளிநாட்டவர் பதிவு அட்டை), தொங்கவிட்டு எடை பார்க்கும் சின்னத் தராசு, கோடு போட்ட ஒரு நோட்டு, 20 லிட்டர் தண்ணீர் கேன் இரண்டு. கேன் எதற்கு என்பது 4-ஆம் படியில் வரும்.

1. தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

நாட்காட்டியில் புறப்பாட்டு நாளைக் குறித்து, அங்கிருந்து பின்னால் வாருங்கள். டிசம்பர் 8, 24, 25, 30, 31, ஜனவரி 1 ஆகிய நாள்களை அடித்துவிடுங்கள். அன்று அரசு அலுவலகமோ வங்கியோ கிடைக்காது. 30-ஆம் தேதியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அது தேசிய வீரர் ரிசாலின் நினைவு நாள்.

ஜனவரி 9-ஐச் சிவப்பில் வட்டமிடுங்கள். மணிலாவில் கருப்பு நசரேனோ ஊர்வலம் கியாப்போ பக்கம் சாலைகளை நாள் முழுக்க அடைத்துவிடும். அன்று விமானம் என்றால், மணிலாவுக்கு வெளியே இருப்பவர் முதல் நாளே நகருக்குள் வந்துவிடுவது நல்லது.

2. காகிதங்களை டிசம்பர் 10-க்குள் முடியுங்கள்

வெளிநாட்டவராக ஆறு மாதத்துக்கு மேல் தங்கியவர் பிலிப்பைன்ஸை விட்டுக் கிளம்பக் குடிவரவுத் துறையின் கிளியரன்ஸ் தேவைப்படும். நாட்டை ஒரேயடியாக விட்டுப் போகிறவருக்கான வகையைப் புறப்பாட்டுக்குக் குறைந்தது 72 மணி நேரம் முன்பே எடுத்தாக வேண்டும். இதை மிஷன் அலுவலகமே பார்த்துக்கொள்ளும். பாஸ்போர்ட், ஐ-கார்டு, புகைப்படம், கையெழுத்து ஆகியவற்றைக் கேட்ட நாளிலேயே கொடுப்பதுதான் உங்கள் வேலை.

இங்கே நடக்கும் தவறு ஒன்றே ஒன்றுதான். ஐ-கார்டு பழைய பேன்ட் பாக்கெட்டிலோ முன்பு ஊழியம் செய்த ஏரியாவிலோ கிடக்கும். தொலைந்த கார்டுக்குப் போலீஸ் அறிக்கை, உறுதிமொழிப் பத்திரம் என்று அலைய டிசம்பர் கடைசி வாரத்தில் வழியே இல்லை. இன்றே எடுத்துப் பாருங்கள்.

3. பெட்டியை ஒரு முறை முழுதாகக் கட்டி, எடை பார்த்து, மறுபடி பிரியுங்கள்

முட்டாள்தனமாகத் தோன்றும். ஆனால் இந்த ஒரு பி-டே (வாராந்தரச் சொந்த வேலை நாள்) வேலை மீதி ஐந்து வாரத்துக்கு மனதைக் காலி செய்துவிடும். உங்கள் டிக்கெட்டில் ஒரு பைக்கு எத்தனை கிலோ என்று பாருங்கள். பல விமானங்களில் 23 கிலோ. நீங்கள் 20-இல் நிறுத்துங்கள். மீதி 3 கிலோவை ஜனவரியில் உறுப்பினர்கள் நிரப்பிவிடுவார்கள். உலர்ந்த மாம்பழமும் பொல்வரோன் மாவு இனிப்பும் வாங்காமல் யாரையும் அனுப்ப மாட்டார்கள். ஊருக்குக் கொண்டுபோகும் இந்தப் பரிசுக்கு அங்கே பசலுபோங் என்று பெயர்.

எடையைக் கூட்டுவது துணியல்ல, காகிதமும் காலணியும். இரண்டு வருட நாட்குறிப்புகளைக் கைப்பையில் வையுங்கள். பெட்டி தொலைந்தால் சட்டையை மறுபடி வாங்கலாம், நாட்குறிப்பை வாங்க முடியாது. தேய்ந்த ஷூவை விட்டுவிடுங்கள். வெள்ளைச் சட்டையில் நல்லதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றைத் துவைத்து, மடித்து, மிஷனுக்குத் தயாராகும் உள்ளூர்ப் பையனுக்குக் கொடுங்கள். துவைக்காமல் கொடுப்பது கொடுக்காமல் இருப்பதைவிட மோசம்.

போனில் உள்ள படங்களையும் இப்போதே நகல் எடுங்கள். மிஷனரி கணக்கு ரிலீஸுக்கு (ஊழியத்திலிருந்து விடுவிக்கப்படுவது) பிறகு நிரந்தரமாக இருக்காது. முக்கியமான பத்து இருபது பேரின் முகவரியை நோட்டில் கையால் எழுதுங்கள்.

4. பணம், தண்ணீர், போக்குவரத்து

சம்பளக்காரர்களுக்குப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் டிசம்பர் 24-க்குள் வந்துவிட வேண்டும் என்பது சட்டம். அந்த வாரம் ஏ.டி.எம். முன் வரிசை தெரு முனை வரை நிற்கும், சில இயந்திரங்களில் பணமே இருக்காது. ஜனவரி 2 வரைக்கான பயணச் செலவையும் போன் ரீசார்ஜையும் 18-ஆம் தேதிக்குள் எடுத்து வையுங்கள்.

தண்ணீர் நிரப்பும் கடைகள் 25-இலும் ஜனவரி 1-இலும் பெரும்பாலும் மூடியிருக்கும். இரண்டு கேன் அதற்குத்தான். 25 காலையிலும் 31 மாலையிலும் ஜீப்னி (பொதுச் சிற்றுந்து) அபூர்வம், டிரைசைக்கிள்காரர் கேட்பதுதான் கட்டணம். அந்த நாள்களில் நடந்து போகிற தூரத்தில் மட்டும் வீடுகளை வைத்துக்கொள்ளுங்கள்.

5. பாடங்களை ஊரின் நாட்காட்டிக்கு ஏற்ப அடுக்குங்கள்

டிசம்பர் 16 முதல் 24 வரை சிம்பாங் காபி. விடியலுக்கு முன், பல இடங்களில் 4 மணிக்கே, கத்தோலிக்கக் கோயில்களில் திருப்பலி நடக்கும். ஒன்பது நாளும் தவறாமல் போனால் வேண்டியது கிடைக்கும் என்பது நம்பிக்கை. நீங்கள் பாடம் சொல்லும் குடும்பத்திலும் பாட்டியோ அம்மாவோ போய்க்கொண்டிருப்பார்கள். அதைப் பற்றி வாதம் செய்யாதீர்கள். அவர்கள் 3 மணிக்கே எழுந்தவர்கள் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மதியம் 1 முதல் 3 வரை வீடு தூங்கும். காலை 10-க்கு மேல், அல்லது மாலை 4-க்கு மேல் போங்கள்.

டிசம்பர் 20 வாக்கில் நகரத்தில் இருப்பவர்கள் சொந்த ஊருக்குப் புறப்பட்டுவிடுவார்கள். ஜனவரி 2-க்குப் பிறகுதான் வருவார்கள். நம் பொங்கல் போக்குவரத்தை நினைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கப்பலும் சேர்ந்தது. ஆகவே அந்த இரண்டு வாரத்துக்குள் ஞானஸ்நானத் தேதி வைக்காதீர்கள். ஒன்று டிசம்பர் 19-க்குள், அல்லது ஜனவரி இரண்டாம் வாரம்.

இங்கேதான் மிஷன் முடிக்கப்போகிறவர்கள் பெரிய தவறு செய்கிறார்கள். 'நான் போவதற்குள்' என்று தேதியை இழுத்து முன்னால் வைப்பார்கள். அந்த மனிதர் தொடர்ந்து சில ஞாயிறுகள்கூட சபைக்கு வந்திருக்க மாட்டார். வார்டில் (உள்ளூர்ச் சபை) யாரையும் தெரியாது. மிஷனரி விமானம் ஏறிய பிறகு அவரும் வருவதில்லை. ஜனவரி கடைசியில் உங்கள் கம்பானியன் (ஜோடி மிஷனரி) ஞானஸ்நானம் கொடுத்தால், அதற்கு வேண்டிய வேலை நடந்திருக்கிறது என்றுதான் அர்த்தம்.

ஊரைவிட்டுப் போகாதவர்களுக்குச் செய்ய வேலை நிறைய இருக்கிறது. பயணம் போக முடியாதவர்கள் யார் என்று பாருங்கள்: படுக்கையில் இருக்கும் தாத்தா, கணவர் கப்பல் வேலையிலோ வளைகுடாவிலோ இருக்கும் பெண், இரவுக் காவல் வேலை பார்ப்பவர். அவர்களுக்கு டிசம்பர் மற்ற மாதங்களைவிட நீளம்.

6. வாசலில் நிற்கும் முறை

கேட்டைத் தட்ட வேண்டாம். வெளியே நின்று 'தாவோ போ!' என்று குரல் கொடுங்கள். 'துலோய் போ' என்றால் உள்ளே வரலாம்.

தமிழ் முகத்துக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு. அங்கே இந்திய ஆணைப் பார்த்தால் முதலில் வரும் சொல் 'பும்பாய்'. மோட்டார் சைக்கிளில் வந்து ஐந்து கொடுத்து ஆறு வாங்கும் வட்டிக்காரர் என்ற நினைப்பு. ஆண்டு முடிவில் கடன் வசூல் வேறு சூடாக இருக்கும். நீங்கள் குரல் கொடுத்ததும் உள்ளே தொலைக்காட்சி அணைந்து, 'அம்மா வீட்டில் இல்லை' என்று ஒரு குழந்தை வந்து சொன்னால் கோபப்படாதீர்கள். அந்தக் குழந்தைக்குச் சொல்லிக் கொடுத்ததே அதுதான். பேட்ஜ் தெரிய நில்லுங்கள், பெயரையும் சபையையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள், உள்ளூர்க் கம்பானியன் இருந்தால் அவரை முன்னால் விடுங்கள்.

பிள்ளைகள் உங்கள் வீட்டு வாசலுக்கும் வருவார்கள். 'நாமாமாஸ்கோ போ!' என்றால் கிறிஸ்துமஸ் காசு கேட்கிறார்கள். ஒருவருக்கு நாணயம் கொடுத்தால் பத்து நிமிடத்தில் தெருவே நிற்கும். ஒரு பெரிய பொட்டலம் மிட்டாய் வாங்கி வையுங்கள், அது போதும்.

7. சாப்பாடு: டிசம்பரின் கடினமான வேலை

வீட்டுக்கு வந்தவர் கை நனைக்காமல் போகக் கூடாது என்பது நம்மைப் போலவே அவர்களுக்கும். 25-ஆம் தேதி ஆறு வீடு என்றால் ஆறு சாப்பாடு. முதல் வீட்டில் தட்டு நிறையச் சாப்பிட்டவர் மூன்றாவது வீட்டில் மாட்டிக்கொள்வார். அங்கே மறுத்தால் வருத்தம், சாப்பிட்டால் வயிறு.

வழி இது. முதல் வீட்டிலிருந்தே மூன்று நான்கு கரண்டிக்கு மேல் எடுக்காதீர்கள். 'திக்கிம் லாங் போ' (ருசி மட்டும்) என்று சொல்லிக்கொண்டே எடுத்துக்கொள்ளுங்கள். வற்புறுத்தினால் 'புசோக் பா போ' (இன்னும் வயிறு நிறைந்திருக்கிறது). அதற்கும் விடாவிட்டால் கட்டிக் கொடுக்கச் சொல்லுங்கள். அங்கே அது அவமானம் அல்ல, வீட்டு அம்மாவுக்குப் பெருமை. அந்தப் பொட்டலத்தைப் படுக்கையில் இருக்கும் தாத்தாவிடம் சேர்த்தால் இன்னொரு வேலையும் முடிந்தது.

எதைத் தொடலாம் என்பதில் கவனம் வேண்டும். நோச்சே புவெனா விருந்து 24 நள்ளிரவில் நடக்கும். மறுநாள் மதியம் நீங்கள் பார்ப்பது அதன் மிச்சம். மயோனீஸ் போட்ட மக்கரோனி சாலட், கண்டென்ஸ்டு மில்க்கில் ஊறிய இளநீர் வழுக்கைச் சாலட், மேசையிலேயே இருந்த லெச்சோன் பன்றி இறைச்சி ஆகியவைதான் 26-ஆம் தேதி மிஷனரிகளைப் படுக்க வைக்கின்றன. வெயில் ஊரில் இரண்டு மணி நேரம் வெளியே இருந்த பால் பண்டம் ஆபத்து. அப்போதுதான் பொரித்த லும்பியா ரோல், கொதிக்கும் சூப், உரிக்காத பழம், இவற்றின் பக்கம் சாயுங்கள். சாதம் எப்போதும் இருக்கும். கையால் சாப்பிட்டால் சந்தோஷப்படுவார்கள். சிவப்பு சாசேஜ் துண்டு போட்ட இனிப்பு ஸ்பகெட்டிக்கு மட்டும் நம் நாக்கு பழகாது. முகத்தில் காட்டாமல் விழுங்கிவிடுங்கள்.

ஞான வார்த்தையில் (மது, காபி போன்றவை கூடாது என்ற சபை விதி) வழுக்கும் இடம் மது அல்ல. மதுவை யாரும் மிஷனரிக்கு நீட்டுவதில்லை. வழுக்குவது காபி ஜெல்லி. கிரீமில் மிதக்கும் பழுப்புத் துண்டுகளைப் பார்த்தால் வெல்ல ஜெல்லி போலவே இருக்கும். கேட்டுவிட்டு எடுங்கள். விடியல் பூசைக்குப் பின் கொடுக்கும் சலாபாத் என்பது இஞ்சிக் கஷாயம், தாராளமாகக் குடிக்கலாம்.

8. 24 இரவும் வீட்டு அழைப்பும்

நள்ளிரவு விருந்துக்கு எத்தனை பேர் கூப்பிட்டாலும் இரவு வீடு திரும்பும் நேரம் மாறாது. மறுக்கச் சங்கடமாக இருந்தால், மாலை 5 மணிக்கு வந்து பாட்டுப் பாடிவிட்டுப் போகிறோம் என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

பிப்ரவரி 2019-இலிருந்து வாரா வாரம் வீட்டுக்குப் பேசலாம் என்பதால் கிறிஸ்துமஸ் அழைப்பு பழைய காலம் மாதிரிப் பெரிய நிகழ்ச்சி அல்ல. அப்படி ஆக்காதீர்கள். மணிலா நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். அங்கே காலை 10 என்றால் தமிழ்நாட்டில் 7.30. வீட்டார் வசதி பார்த்து இரவு 8-க்குப் பேசலாம் என்றால் உங்களுக்கு 10.30, விளக்கணைக்கும் நேரம். 25 மாலையில் இணைப்பு நெரியும், காலையே நல்லது.

பேசும்போது ஊரில் வேலை, படிப்பு, வரன் என்று பேச்சு திரும்பும். அம்மாவுக்கு அது இயல்பு. 'அம்மா, இதுக்குன்னு ஜனவரி கடைசியில ஒரு நாள் உட்கார்ந்து பேசலாம்' என்று தேதியோடு சொல்லுங்கள். தேதி சொல்லாவிட்டால் அடுத்த அழைப்பிலும் அதே பேச்சுதான், அதற்கடுத்த இரண்டு நாள் நீங்கள் ட்ரங்கிதான்.

உங்கள் கம்பானியனுக்கு இது முதல் கிறிஸ்துமஸாக இருக்கலாம். உங்கள் அழைப்பு ஒரு மணி நேரமும் அவருடையது இணைப்புக் கிடைக்காமல் ஐந்து நிமிடமும் என்றால் அந்த மாலை அவருக்கு மிக நீளம். அவரை முதலில் பேச விடுங்கள்.

9. புயலும் பட்டாசும்

டிசம்பர் என்றால் புயல் முடிந்தது என்று நினைக்க வேண்டாம். 2011-இல் சென்டோங் காகயான் தே ஓரோவை மூழ்கடித்ததும், 2021-இல் ஒடெட் செபு, போஹோல் பகுதிகளை உடைத்ததும் டிசம்பர் நடுவில்தான். வானிலைத் துறையான பகாசா 1-ஆம் எண் எச்சரிக்கை கொடுத்தால் 36 மணி நேரத்துக்குள் காற்று வரும். அந்த அவகாசத்தில் போனையும் பவர் பேங்கையும் சார்ஜ் செய்யுங்கள், கேன்களை நிரப்புங்கள், பாஸ்போர்ட் நகலையும் நாட்குறிப்பையும் இரட்டைப் பிளாஸ்டிக்கில் கட்டுங்கள், சோன் லீடருக்கு (பகுதிப் பொறுப்பு மிஷனரி) நீங்கள் இருக்கும் இடத்தைச் சொல்லுங்கள். மற்ற ஜோடிகளைவிட உங்களுக்குத்தான் இழக்க அதிகம் இருக்கிறது. உங்கள் இரண்டு வருடமும் ஒரே அறையில் கிடக்கிறது.

31 மாலை இருட்டுவதற்குள் வீட்டுக்குள் இருங்கள். பட்டாசைக் குறிப்பிட்ட பொது இடங்களில்தான் வெடிக்க வேண்டும் என்று 2017-இல் ஆணை வந்தது. சந்துகளுக்குள் அது எட்டவில்லை. சிலர் வானத்தை நோக்கித் துப்பாக்கியும் சுடுவார்கள். தகரக் கூரை அறையைவிடக் கான்கிரீட் தளம் உள்ள அறையில் படுங்கள். ஜன்னலைச் சாத்தி, கீழ் இடுக்கில் ஈரத்துணி வையுங்கள், புகை விடிய விடிய நிற்கும். மறுநாள் தெருவில் கிடக்கும் வெடிக்காத வெடியைப் பிள்ளைகளும் தொட விடாதீர்கள்.

10. ஏரியாவை ஒப்படையுங்கள்

இதை ஜனவரி 3-க்கு மேல் தள்ளாதீர்கள். செயலியில் உள்ள ஏரியா புக்கை (பாடம் கேட்பவர்கள் பற்றிய குறிப்பேடு) திறந்து ஒவ்வொருவர் பெயராகப் பாருங்கள். வழக்கமாக அங்கே கிடைப்பது இது:

"நல்ல குடும்பம். ஆர்வம் இருக்கிறது. தொடரவும்."

புதிதாக வருகிறவருக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. இப்படி எழுதுங்கள் (புரோக் என்பது ஊரின் உட்பகுதி, சாரி-சாரி என்பது பெட்டிக்கடை):

"புரோக் 4. பச்சைக் கேட், எதிரே சாரி-சாரி கடை. நாய் கட்டியிருக்காது, குரல் கொடுத்துவிட்டு நிற்கவும். அம்மா சந்தையிலிருந்து 3 மணிக்கு வருவார், செவ்வாய் வியாழன் மட்டும். மூத்த பெண்தான் மார்மன் புஸ்தகம் படிக்கிறாள், அம்மாவுக்கு எழுத்து சிறிதாகத் தெரிகிறது, வாசித்துக் காட்டவும். அப்பா பேச மாட்டார், ஆனால் அறையை விட்டுப் போகவும் மாட்டார். தசமபாகம் பற்றிக் கேட்டார், இன்னும் பதில் சொல்லவில்லை."

இருபது பேருக்கு எழுத இரண்டு காலை ஆகும். எழுதும்போதே யாரைக் கைவிட்டுவிட்டோம் என்பதும் தெரிந்துவிடும். மீதி நாளின் பட்டியல் அதுதான்.

வீட்டையும் கழுவுங்கள். அடுப்புக்கு அடியில், கட்டிலுக்கு அடியில்.

11. விடைபெறுதல்

கடைசி பத்து நாள்களுக்கு முன் தேதியைச் சொல்லிக்கொண்டு திரிய வேண்டாம். தெரிந்த நொடியிலிருந்து எல்லாப் பாடமும் தெஸ்பெதிதா, அதாவது வழியனுப்பு விருந்து ஆகிவிடும். பாடம் கேட்பவர் உங்களோடு படம் எடுப்பார், ஜெபம் செய்ய மறந்துவிடுவார்.

சொல்லும்போது கம்பானியனையும் வார்டில் ஒருவரையும் கூட அழைத்துப் போங்கள். உங்களுக்குப் பதில் யாரிடம் கேட்பது என்று அவர்களுக்குக் கண்ணால் தெரிய வேண்டும். திரும்பி வருவேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். டிக்கெட் விலை உங்களுக்கே தெரியும். அவர்கள் காத்திருப்பார்கள்.

12. விமானத்திலிருந்து ரிலீஸ் வரை

மிஷன் தலைவரின் கடைசி நேர்காணலோடு ஊழியம் முடிவதில்லை. ஊரில் ஸ்டேக் (பல வார்டுகளின் தொகுப்பு) தலைவர் விடுவிக்கும் வரை நீங்கள் மிஷனரிதான். உங்கள் ஊர் டிஸ்ட்ரிக்டாக (இன்னும் ஸ்டேக் ஆகாத தொகுப்பு) இருந்தால் யார் விடுவிப்பார், எத்தனை மணிக்கு, எந்த எண்ணில் அழைப்பது என்று டிசம்பரிலேயே எழுதிக் கேட்டு வையுங்கள்.

மணிலாவிலிருந்து சென்னைக்கு வரும் வழியில் சிங்கப்பூர், கோலாலம்பூர் போன்ற இடத்தில் சில மணி நேரம் தனியாக இருக்க வேண்டிவரும். இரண்டு வருடத்தில் முதல் தனிமை. பேட்ஜைக் கழற்றாதீர்கள், வாயிலுக்குப் பக்கத்திலேயே உட்காருங்கள், விழித்திருக்கும் பழக்கம் போய்விட்டிருக்கும், அலாரம் வையுங்கள். உலர்ந்த மாம்பழம் கைப்பையில் இருந்தால் அதுதான் காலை உணவு.

விமான நிலையத்தில் மாலையோடு சொந்தக்காரர்கள் நிற்பார்கள். வீட்டுக்குப் போய்க் குளித்து, அதே கோட்டை மறுபடி போட்டுக்கொண்டு, அன்றோ மறுநாளோ தலைவர் வீட்டுக்குப் போங்கள். பேட்ஜ் அங்கேதான் கழற்றப்படும்.